கல்லடி இல்லை, கட்டி

நாயின் கண் பிதுங்கினால் எங்கள் பக்கத்தில் ஒரே தீர்ப்புதான்: "எவனோ கல்லால அடிச்சிருக்கான்." அத்தோடு விசாரணை முடிந்தது. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேட்டில் கிடக்கும் கிழட்டு நாய்க்கு இரண்டு மாதமாக இந்த வைத்தியம்தான் நடக்கிறது.

கல்லடி பட்ட கண் அன்றைக்கே வீங்கும். கண்ணுக்குப் பின்னால் சீழ் கட்டினாலும் திடீரென்றுதான் வரும். வாயைத் திறந்தாலே நாய் கத்தும். கட்டி அப்படியல்ல. வாரக்கணக்கில், பெரும்பாலும் வலி காட்டாமல், கண்ணை மெல்ல வெளியே தள்ளும். மூக்கோரத்தில் இருக்கும் மூன்றாம் இமை மேலேறி நிற்கும். மருத்துவர் மூடிய இமைமேல் விரல் வைத்து அழுத்துவார். நல்ல கண் உள்ளே அமுங்கும், இது அமுங்காது. வயதான நாய்க்கு வரும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். நோய் பின்னால் இருக்க, முன்னால் சொட்டு ஊற்றி என்ன பயன்? ஸ்கேன் எடுக்கவேண்டும், ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவேண்டும். பல சமயம் கட்டியோடு கண்ணையும் எடுக்கவேண்டி வரும்.

"கண்ணை எடுக்கறதா, பாவம் சார்!" என்கிறார்கள். ஒற்றைக் கண்ணோடு நாய் நன்றாகவே வாழும். இமை மூட முடியாமல் கண் காய்ந்து புண்ணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாவம்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு 1761-ல் அரசாணை வாங்கிய லியோன் நகரத்து க்ளோத் பூர்ஜெலாவைப் பற்றி நான் பெருமை பேசலாம். அவ்வளவு தூரம் எதற்கு? வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர்.

யார் கூட்டிப்போவது என்று கேட்டால், "அது கம்பெனி நாய் இல்லை, தெரு நாய்" என்று பதில் வருகிறது. இந்த மாதிரிப் பதிலை ஆயுசு முழுக்கக் கோப்புகளில் பார்த்தவன் நான். பொறுப்பு எவர் மேசைக்கும் வராது! 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 3-ம் பிரிவு, ஒரு பிராணியைத் தன் பராமரிப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதற்கு வீண் வேதனை வராமல் காக்கும் கடமை உண்டு என்கிறது. ராத்திரிக் காவலைச் சம்பளமில்லாமல் வாங்கிக்கொள்கிறீர்கள், கேன்டீன் சோறு போட்டுக் கேட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். இது பராமரிப்பு இல்லையென்றால் வேறென்ன?

ஒரு நாள் வேன் வாடகை கொடுத்துக் காலையிலேயே அனுப்புங்கள். கண் எந்தத் தேதியில் பிதுங்க ஆரம்பித்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.