இரத்தபேதிக்குப் பின் சிறுநீர் குறைகிறதா? குழந்தைகளின் சிறுநீரகச் செயலிழப்பு பற்றிய விளக்கம்

2025 ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அதன் பின்னர் பெற்றோரின் கவனம் மருந்துப் புட்டியின் மீது திரும்பியுள்ளது, அது நியாயமே. ஆயினும், குடிநீரிலும் உணவிலும் வரும் சில பாக்டீரியாக்களின் நச்சும் இதே கேட்டினை விளைவிக்கும் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை.

சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியை 1897 இல் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா கண்டறிந்தார். அக்கிருமியின் ஒரு வகையும், ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளும் 'ஷிகா நச்சு' என்னும் பொருளைச் சுரக்கின்றன. குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் இந்நச்சு, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. அங்கு இரத்தம் உறைகிறது, அவ்வழியே செல்லும் சிவப்பணுக்கள் உடைகின்றன, தட்டணுக்கள் குறைகின்றன, சிறுநீர் பிரிவது தடைப்படுகிறது. இதனை ஹீமோலிட்டிக் யூரிமிக் சிண்ட்ரோம் என்பர். ஐந்து வயதுக்குட்பட்டோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

இது மேலை நாட்டு நோய் எனக் கருதிவிட வேண்டாம். ஷிகெல்லா சீதபேதியைத் தொடர்ந்து தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் ஏற்பட்டதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1978 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதிவு செய்துள்ளனர்.

2000 ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் நகரில் பெய்த கனமழையில், மாட்டுச் சாணம் கலந்த நீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. குளோரின் முறையாகக் கலக்கப்படாததால் ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர், எழுவர் இறந்தனர். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை பெருக்கெடுத்ததைக் கண்ட மணலூர்பேட்டை மக்களுக்கு இந்நிகழ்வை விரித்துரைக்கத் தேவையில்லை. வெள்ளம் வடிந்த பின் கிணறு, குழாய் நீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள். பாலைக் காய்ச்சிப் பருகும் நம் வழக்கம் நல்லதொரு காப்பு. அது கறந்த பாலுக்கும் பொருந்தும்.

இந்நோயின் சூழ்ச்சி அதன் கால இடைவெளியில் உள்ளது. பேதி தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், அது நின்று குழந்தை தேறிவிட்டதாக நீங்கள் எண்ணும் வேளையில்தான் சிறுநீரகம் பழுதடைகிறது. முகம் வெளிறுதல், சிறுநீர் குறைதல், கண் இமையும் காலும் வீங்குதல், அயர்வு, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கலாகாது. கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து வருவோருக்குப் பயணத்திலேயே பல மணி நேரம் கழியும் என்பதால், மலத்தில் இரத்தம் கண்டவுடனேயே ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுவது நலம்.

எங்களுக்கு மிகுந்த கவலையளிப்பது கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. பேதியை நிறுத்தும் மருந்து நச்சினைக் குடலிலேயே தேக்கி வைக்கும். ஷிகெல்லாவுக்கு ஆன்டிபயாடிக் தேவை, ஈ.கோலை தொற்றிலோ அதே மருந்து நச்சுச் சுரப்பை மிகுவிக்கக்கூடும். எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடக்கத்திலேயே கொடுங்கள். ஆனால் சிறுநீர் குறைந்துவிட்டால் நீரை வற்புறுத்திப் புகட்டாதீர்கள்.

உரிய நேரத்தில் டயாலிசிஸ் உள்ளிட்ட சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். 108 ஊர்தியை அழைத்து, பேதி தொடங்கிய நாளையும், குழந்தை கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும், கொடுத்த மருந்துகளின் பெயரையும் மறவாமல் தெரிவியுங்கள்.