படியும் முழமும் கற்பிக்கும் கணக்கு

நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள், கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கைச் செய்யக்கூடியவர்கள் 33.7 விழுக்காட்டினரே என்கிறது, 2025 ஜனவரியில் வெளியான 'அசர்' அறிக்கை. 2022-இல் இது 25.9 விழுக்காடாக இருந்தது. பெருந்தொற்றுக் காலச் சரிவிலிருந்து மீண்டிருக்கிறோம் என்பது ஆறுதல். எனினும், மூவரில் இருவருக்குக் கழித்தல் இன்னும் கைவரவில்லை.

தமிழ்நாடு அரசு இதை உணராமல் இல்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடங்கப்பட்டன. செயல்வழிக் கற்றலும் நிலைக்கேற்ற பயிற்சி நூல்களும் வகுப்பறைக்கு வந்தன. ஆனால், இல்லத்தைத் தேடிச் சென்ற கல்வி, இல்லத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் கணக்கைத் தேடியதா என்பதே என் கேள்வி.

எழுமலை போன்ற ஊர்களில், 'எனக்குக் கணக்கு வராது, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டேன்' என்று சொல்லும் தாய்மார்களை அடிக்கடி காண்கிறேன். அவர்களே நான்கு உழக்கு அரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து போடுகிறார்கள். ஆறு உழக்கு அரிசி என்றால் ஒன்றரை உழக்கு உளுந்து என்று தயங்காமல் அளக்கிறார்கள். இது விகிதம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எனவே உரி என்பது அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. பின்னத்தைக் கையால் தொட்டு அறிவதற்கு இதைவிடச் சிறந்த கருவி எந்தப் பள்ளியில் உண்டு? 'எத்தனை உழக்கு ஊற்றினால் இந்தப் படி நிறையும்?' என்று கேட்டுவிட்டுப் பெரியவர்கள் பேசாமல் இருந்தால் போதும். விடையைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

மல்லிகைப் பூவை அம்மாவின் கையால் நான்கு முழம் அளந்த பிறகு, அதே சரத்தைக் குழந்தை தன் கையால் அளந்தால் ஐந்தோ ஆறோ வரும். பூ கூடவில்லை, எண் மட்டும் ஏன் கூடியது? மீட்டர் என்ற பொது அளவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை இந்த வியப்பில் இருக்கிறது. வாசலில் நடுவே ஏழு புள்ளியும், மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று என்றும் வைத்தால் மொத்தம் இருபத்தைந்து. ஒவ்வொன்றாக எண்ணாமல் இதைச் சொல்ல வழி தேடும் குழந்தை, கணிதத்தின் வாசலில் நிற்கிறது.

மொழியும் துணை நிற்கிறது. 'பதிமூன்று' என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் எழுதும் வரிசையில் இருக்கின்றன. 'தர்ட்டீன்' மூன்றை முதலில் சொல்கிறது. 13-ஐ 31 என எழுதும் குழந்தையின் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் வீட்டில் தமிழில் எண்ணிப் பழகுவது இழப்பாகாது.

ஆனால், வீட்டுக் கணக்கு தானாகவே ஏட்டுக் கணக்காகிவிடும் என்று நம்புவதும் பிழை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. சிக்கலான விற்பனைக் கணக்கை மனத்திலேயே போட்ட அக்குழந்தைகள், தாளில் எழுதப்பட்ட எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற பிள்ளைகளோ தாளில் தேறிச் சந்தைக் கணக்கில் தோற்றனர். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர்களிடம் 1985-இல் கண்டதும் ஏறக்குறைய இதுவே. இரு கரைகளும் இருக்கின்றன, பாலம்தான் இல்லை.

அந்தப் பாலத்தைக் கட்டும் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. விடியலில் பூப்பறிக்கவோ நூறு நாள் வேலைக்கோ செல்பவரிடம் மாலையில் ஆசிரியராகவும் இருக்கச் சொல்வது நியாயமன்று. அவர் வழக்கமாகச் செய்யும் வேலையில் குழந்தையைச் சேர்த்துக்கொள்வதே போதுமானது. அளந்ததை மறுநாள் வகுப்பில் எண்ணாகவும் குறியாகவும் எழுத வைப்பது பள்ளியின் கடமை.

இதற்குப் புதிய நிதி தேவையில்லை. வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடமேனும், 'எழுதி வா' என்பதற்குப் பதிலாக 'அளந்து வா' என்று அமையட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கட்டடமும் கழிப்பறையும் பேசப்படுவதோடு, படியும் முழமும் பேசப்படட்டும். தமக்குக் கணக்கு தெரியும் என்பதைத் தாய் உணரும் வீட்டில், கணக்கைக் கண்டு அஞ்சும் குழந்தை வளர்வது அரிது.