எரித்தவர்கள் ஒருபுறம், செலவு யார் தலையில்?

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் நட்டத்தை யார் ஈடுகட்டுவது என்று உடனே கேட்கிறோம். ஒரு காலனி கொளுத்தப்பட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து, நம் மாவட்டத்தின் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீவைக்கப்பட்டன. பெங்களூருவில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த பொருளெல்லாம் ஒரே இரவில் சாம்பலானது. அதன்பின் தரப்பட்ட நிவாரணத்தை 'அரசு கொடுத்த இலவசம்' என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள்.

அது இலவசமல்ல, சட்டம் தந்த உரிமை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. எரிந்த வீட்டுக்குப் பதில் செங்கல் அல்லது கல் வீட்டை அரசு செலவில் கட்டித்தர வேண்டும். குடிநீரை அசுத்தப்படுத்தினால் அதைச் சீராக்கும் முழுச் செலவும் மாநில அரசுடையது. அதோடு, 2016 திருத்தப்படி, 8,25,000 ரூபாயை மாவட்ட ஆட்சியரிடம் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தில் எந்தப் பொதுச் சொத்தை உருவாக்குவது என்பதை உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் ஆண்டு பட்ஜெட்டில் நிதி ஒதுக்குவது மாநில அரசின் கடமை. மத்திய அரசும் பங்கு தருகிறது.

ஆகவே, 'ஊராட்சியில் நிதி இல்லை' என்று சொல்லி உடைந்த குழாயை, நொறுங்கிய தெருவிளக்கை அப்படியே விட்டுவைக்க முடியாது. நிதி கேட்டு எழுதும் பொறுப்பு ஊராட்சிக்கு உண்டு. வன்கொடுமை நடந்தால் உள்ளாட்சி என்ன செய்ய வேண்டும் என்பதை மாநில அரசின் முன்னேற்பாட்டுத் திட்டம் வரையறுக்க வேண்டும் என்கிறது 15ஆவது விதி.

இன்னொன்றும் உண்டு. குற்றத்துக்குத் துணைநின்ற ஊர் மக்கள் மீது கூட்டு அபராதம் விதிக்க 16ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கலாம். கொளுத்துவதற்கும் விலை உண்டு என்று தெரிந்தால் தீப்பந்தம் தூக்கும் கை சற்றுத் தயங்கும். ஆனால் அப்படியொரு அபராதம் கட்டிய ஊரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கடைசியாக எப்போது கூடியது, எவ்வளவு நிதி கேட்டது, எவ்வளவு வந்தது? படித்த பிள்ளைகள் இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெரியவர்கள் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும், பதிந்தது நிற்கும்.