பட்டறைத் தமிழும் பள்ளித் தமிழும்

கலைச்சொல் இல்லாமையே தமிழின் குறை என்பார் பலர். தொழிலை முறைப்பட எழுதிக் காட்டுவார் இல்லாமையே குறை என்பேன் நான். அண்மையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே என்னை இவ்வாறு எண்ண வைத்தது.

என் தம்பியிடம் பழைய பெற்றோல் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, பழையவற்றைப் பேணுவதன்றி நம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. சந்தியில் நிறுத்தினால் அவ்வண்டி நடுங்கி அணைந்துவிடும். ஓரிடத்தில், புதிய உறுப்பு வாங்கவேண்டும் என்றனர். கல்முனையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் என்னிடம் பயின்று, தமிழ்ப் பாடத்தில் தேறாதுபோன மாணவர். திறந்து பார்த்தவர், "புதுசு வேணாம் சேர், மூச்சு விடுற இடத்தில கரி புடிச்சிருக்கு, கழுவினாக் காணும்" என்றார்.

அவ்வுறுப்பைத் திரொட்டில் பொடி என்பர். இயந்திரத்துள் செல்லும் காற்றை அளந்துவிடும் வாயில் அது. அதன் நடுவே நாணயம் போன்ற தகடொன்று, மிதிக்கும் அளவுக்குத் திரும்பும். எண்ணெய் ஆவியும் புகைக்கரியும் அதன் விளிம்பிற் படிந்தால், மிதியிலிருந்து காலை எடுத்தபோது வேண்டிய சிறிதளவு காற்றும் தடைப்படும்.

வேலை செய்தபடியே அவர் முறையைச் சொன்னார். இயந்திரம் ஆறட்டும், பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்று, காற்றுக் குழாயைத் தளர்த்து, கேபிளையும் மின்செருகியையும் விலக்கு, போல்டுகளைக் கழற்றி உறுப்பை எடு. உரிய திரவத்தைத் துணியில் நனைத்துத் துடை, சுரண்டாதே, மின்னுறுப்பில் ஈரம் படவிடாதே. புதிய காஸ்கெட் வைத்துப் பூட்டு. போல்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கு.

வண்டி நிதானமாக இரைந்தது. எனக்கோ நாணம் மிகுந்தது. எது முன், எது பின், எது ஆகாது என்னும் இத்தெளிவை என் வகுப்புக் கட்டுரைகளில் நான் கண்டதில்லை. பெயர்கள் சில கடனாக வந்தவை, வினைகளெல்லாம் நம்முடையவை. அவரிடம் தமிழ் இல்லாமலில்லை. அத்தமிழை எழுதும்படி கேட்ட ஆசிரியரே அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வாசிரியன் நானே.

இங்கிருந்து தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழோடு அறிவியலும் கற்றவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த மண்ணில் தமிழ் கற்பிக்கும் நாம், சொற்பட்டியலோடு நின்றுவிடலாமா?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலாக்கால இரவை மாணவர் வருணிக்கட்டும், வேண்டாம் என்னேன். தவணைக்கு ஒருமுறையேனும் வீட்டுத் தொழிலொன்றை முறை பிறழாது எழுதச் சொல்லுங்கள். பாண்டிருப்பின் வலை பின்னலோ, மருதமுனையின் தறி நெசவோ, கல்முனைப் பட்டறை வேலையோ, எதுவாயினும் ஆகுக. எழுதியதை வைத்து வேறொருவன் அவ்வேலையைச் செய்ய முடிந்தால், நிறைந்த புள்ளி இடுங்கள்.