யாருடைய பணத்தில் மீண்டது நாடு?

ஜனாதிபதியும் நிதி அமைச்சருமான அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

மனுக்கள் எழுதி அலுத்துப்போன பிறகே இப்படிப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

நெருக்கடி வந்தால் அரசு பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தத்தான் வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு கைவிரித்தது. அந்த ஆண்டு எரிபொருள் வரிசையில் நின்றே உயிர்விட்டவர்கள் உண்டு. வங்கிகளும் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். மீட்கட்டும். ஆனால் யார் பணத்தில்?

2023 ஜூன் இறுதியை நினைத்துப் பாருங்கள். வங்கிகளை ஐந்து நாள் மூடிவைத்து, ஜூலை 1, சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி, 122 வாக்குகளால் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றினார்கள். வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதியங்களைத்தான் பிடித்தார்கள். பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்க வேண்டும். மறுத்தால் அந்த வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். புதிய முறிக்கு 2025 வரை 12 சதவீத வட்டி, பிறகு 9. முந்தைய செப்டெம்பரில்தான் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியிருந்தது.

அந்த நிதி யாருடையது? நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் கொழுந்து பறித்த பெண்ணுடையது. சம்பளத்தில் 8 சதவீதம் மாதம் தவறாமல் பிடிபட்டுச் சேர்ந்த காசு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அவள் பணத்துக்குக் காவலிருக்க வேண்டிய மத்திய வங்கியே திட்டத்தை வகுத்தவர்களோடு உட்கார்ந்திருந்தது!

வங்கிகளை ஏன் விட்டீர்கள் என்றால், அவை ஏற்கனவே கூடுதல் வரி கட்டுகின்றன என்றார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே வங்கிகளின் மூலதனத்துக்கு 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். அவளுக்கு என்ன ஒதுக்கினார்கள்?

நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள் யாரென்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. ராஜபக்ச சகோதரர்கள் இருந்தார்கள், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருந்தார்கள். தண்டம் கட்டியது கொழுந்து பறித்தவள்.

உங்கள் கட்சி அன்று இதை எதிர்த்தது. அதை நம்பி வாக்களித்தவர்கள் எங்களில் உண்டு. இன்று நிதி அமைச்சு உங்கள் கையில். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையைக் காட்டி எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஊழியர் சேமலாப நிதியின் ஒவ்வோர் உறுப்பினரும் இழந்த வட்டி எவ்வளவென்று கணக்கிட்டு வெளியிடுங்கள். அதை எப்போது, எப்படிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அது உழைத்தவர்களின் பணம். அதில் கைவைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.