கேட்காத சேவைக்குப் பிடிக்கும் காசு

கேள்வி: என் மாமியார் பட்டன் போன் வைத்திருக்கிறார். 100 ரூபாய் டாப்-அப் போட்டால் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் மோட்டார் கொட்டகையில் இருந்து வீட்டுக்குப் பேசப் பார்த்தார். பேலன்ஸ் இல்லாததால் இருட்டில் வரப்பு வழியாக நடந்தே வந்தார். காசு எங்கே போகிறது?
– வாசகி, பாகூர்

பதில்: முதலில் ஒரு கணக்கு, அம்மா. 100 ரூபாய் டாப்-அப் போட்டால் ஜி.எஸ்.டி.யும் சேவைக் கட்டணமும் போக 81 ரூபாய் சொச்சம்தான் பேச்சுக்கு வரும். இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. மீதி போவதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் கைபட்டுத்தான் இது தொடங்குகிறது. திரையில் திடீரென்று ஒரு செய்தி வந்து நிற்கும். அது போகட்டும் என்று 'ஓகே'யை அழுத்துவோம். ஜோசியமோ, பாட்டோ, கிரிக்கெட்டோ ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் காலர் டியூனைக் கேட்கும்போது நட்சத்திரப் பட்டனை அழுத்தினாலும் இதே கதைதான். வில்லியனூர்ப் பக்கம் ஒருவர் விவசாயக் குறிப்பு என்று நம்பி, கட்டணச் சேவையில் சேர்ந்திருந்தார். பயிர் சந்தேகத்துக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சேவையைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும். சம்மதமில்லாமல் தொடங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லி, பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் காசு பிடித்ததாக வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் காட்டி அன்றைக்கே படிக்கச் சொல்லுங்கள்.

இன்றே மாமியாரின் போனிலிருந்து 155223-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. ஓடும் சேவையை அதிலேயே நிறுத்தலாம். பணம் திரும்ப வராவிட்டால் 198-இல் புகார் சொல்லி, புகார் எண்ணைக் காலண்டரிலாவது குறித்து வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியே இல்லை. தீர்வு சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. எதற்கெல்லாம் பிடித்தார்கள் என்ற விவரப் பட்டியலை, கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கும், ப்ரீபெய்டு காரர்களும் கேட்டு வாங்கலாம். அதிகபட்சம் 50 ரூபாய்தான் கேட்பார்கள். மாத பில் கட்டுபவர்கள் பில்லில் 'மதிப்புக் கூட்டுச் சேவை' வரியைத் தனியாகப் பாருங்கள்.

இதற்கு நடுவில் "பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். போனது நாற்பது ரூபாய், அவனிடம் போவது பயிர்க்கடன் பணம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

போனில் எண்களை அழுத்தச் சிரமமாக இருந்தால், விதை வாங்க உழவர் உதவியகத்துக்கு வரும்போது போனையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்ந்தே அழைத்துப் பார்க்கலாம்.