சிலுவையைத்தானே கும்புடுறாங்கன்னு கேட்கிறவங்களுக்கு

"கிறிஸ்தவங்க மரச் சிலுவையைத்தானே கும்புடுறாங்க?" இப்படி ஒரு பதிவு வாட்சாப்ல சுத்துது. நாம கல்லைக் கும்புடுறோம்னு யாராவது சொன்னா நமக்கு எப்படி இருக்கும்?

பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில்லேருந்து கொஞ்ச தூரம் நடந்தா சீயோன் லுத்தரன் ஆலயம், பாத்திமா மாதா கோயில். அங்கேயும் தமிழ்ல வழிபாடு நடக்குது. அவங்க வணங்குறது ஒரே இறைவனை. அவரே இயேசுவா மனித உடலெடுத்து, பாடுபட்டு, மரிச்சு, உயிர்த்தெழுந்தார்ங்கிறது அவங்க நம்பிக்கை. சிலுவை அதுக்கு அடையாளம். கிள்ளான் லூர்து மாதாகிட்ட, புடு அந்தோணியார்கிட்ட கத்தோலிக்கர்கள் வேண்டுறது, தங்களுக்காகப் பரிந்து பேசச் சொல்லித்தான். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகள்ல அந்த வழக்கமும் இல்லை.

தைப்பூசத்துக்கு நாம விரதம் இருக்கிற மாதிரி அவங்களுக்கு 40 நாள் தவக்காலம். வாயைக் கட்டி மிச்சம் பிடிச்ச காசு ஏழைக்குப் போகணும். துன்பப்பட்ட கடவுளைக் கும்புடுறவங்க, துன்பப்படுறவங்களைத் தேடிப் போகணும்ங்கிறது அவங்களுக்குச் சின்ன வயசுலேயே சொல்லித் தர்ற பாடம்.

"மதம் மாத்துறாங்க"ன்னு கோபப்படுறோம். சரி, ஆஸ்பத்திரியில தனியா படுத்திருக்கிற நம்ம பாட்டியை யார் போய்ப் பார்க்கிறது? நம்ம பிள்ளைகள்ல எத்தனை பேர் சமய வகுப்புக்கு வர்றாங்க? அடுத்தவங்க சாமியைப் பழிச்சா போனவங்க யாரும் திரும்பி வரமாட்டாங்க. அந்தப் பதிவைப் பகிர வேணாம். இந்த வாரம் ஆளுக்கு ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுவோம்.

முருகா சரணம்.